புல்மோட்டைத் திரைத்துகள் ஆராய்ச்சி

கணினித் திரைக்கு எந்த ரெசலூஷன் வைப்பது என்னும் பெருவினாவை ஆராயப் புல்மோட்டையை விடத் தகுதியான ஊர் இல்லை. என்னை? துகளைத் தரம் பிரித்தே பெயர் பெற்ற ஊர் இது. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவான பிறகு, இவ்வூர்க் கடற்கரையின் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட்டைக் காந்தத்தாலும், ரூட்டைலையும் சிர்க்கோனையும் மின்புலத்தாலும் பிரித்துக் கப்பலேற்றக் கற்றுக்கொண்டோம். திரையின் பிக்சலும் ஒரு துகள்தானே.

அத்துகளின் அளவு யாதோவெனின், 15.6 அங்குல லெப்டொப் திரை 34.5 சென்ரிமீற்றர் அகலம். அதில் 1366 பிக்சல் இருந்தால் ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர். 1920 இருந்தால் 0.18. அறுபது சென்ரிமீற்றர் தள்ளியிருந்து பார்க்கும் நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறத்தாழ 0.17. இங்குள்ள அரிசிமலைக் கடற்கரையின் மணல் மணியைப் பிக்சலாக வைத்து, மணி ஒன்று 2 மில்லிமீற்றர் என்று கொண்டால், அதே திரையில் 172 மணிதான் குறுக்கே கிடக்கும். ஐந்து வரி எழுதலாம். குறுஞ்செய்திக்குப் போதும், வழக்கு மனுவுக்குப் போதாது.

1366 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பர். உயரம் 768ஐப் பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்துக்கு விரித்தால் 1365.33 வரும். மூன்றிலொரு பிக்சலை எவராலும் செய்ய முடியாது, முழுதாக்கிவிட்டார்கள். மீதி மூன்றிலிரண்டு பங்கு நமக்குச் சும்மா கிடைத்தது.

இனி பூர்வபட்சம். ஊரில் வெள்ளெழுத்து விழுந்தவர்கள் அனைவரும் 1024க்கு 768 கட்சி. எழுத்துப் பெரிதாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். ஒரு கொமினிகேஷன் கடையில் இக்கட்சியின் ஆட்சியை நேரில் கண்டோம். கடைக்கார நானா அகலத் திரையில் அந்தப் பழைய அளவை வைத்திருந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த தம்பி திரையில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

“என்ன நானா, நான் இவ்வளவு கொழுத்திட்டேனா?”

“பிரிண்ட்ல சரியா வரும், நீ இரி.”

வந்தது. ஆனால் நாலுக்கு மூன்று சட்டத்தைப் பதினாறுக்கு ஒன்பதில் இழுத்தால் முகம் மூன்றிலொரு பங்கு அகலும் என்ற விதியை அந்தத் தம்பிக்கு யார் சொல்வது? பழைய பெட்டி மொனிட்டருக்கு எந்த அளவும் ஒன்றுதான். எல்சீடீ திரையோ பிறவியிலேயே எண்ணி வைத்த பிக்சலுடன் வருவது. 1024ஐ 1366இல் பரப்பினால் ஒன்றுக்கு ஒன்றேகால் சொச்சம் பங்கு விழும். அரைகுறைப் பங்கைப் பக்கத்துப் பிக்சலோடு கலந்துவிடுவதால் எழுத்தோரம் கலங்கும்.

இக்கலக்கம் ஆங்கிலேயனை அவ்வளவு வருத்தாது. அவனுடைய ‘ஐ’க்கு ஒரு பிக்சல் நிரல் போதும். நம் முச்சுழி ணகரத்துக்குச் சுழியும் வேண்டும், சுழிக்குள் ஓட்டையும் வேண்டும். ஏழெட்டு நிரலாவது இல்லாவிட்டால் ஓட்டை அடைபட்டு றன்னகரத்தோடு உறவாடத் தொடங்கும். அந்தக் கடையிலேயே கலியாணக் காட் ஒன்றில் ‘மணமகன்’ என்பது ‘மனமகன்’ என்று விழுந்திருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டியவரும் பார்த்தார், மாப்பிள்ளையின் வாப்பாவும் பார்த்தார், திரையில் ணகரமும் னகரமும் ஒன்றாகவே தெரிந்தன. முந்நூறு காட் அடித்தாயிற்று. குற்றம் இலக்கணத்துடையது அன்று, 768உடையது என்க.

மறுகட்சி இளைஞர். எண் கூடினால் சிறப்பு என்பார்கள். 1920க்கு 1080 வைத்து, எழுத்தைப் பொடியாக்கி, திரைக்குள் மூக்கை நுழைத்து வாசிப்பார்கள். கண் வைத்தியருக்கு இவர்களே நாளைய வருமானம்.

ஆகவே சித்தாந்தம்: ஆங்கிலத்துக்குச் சில துகள் போதும், தமிழுக்குத் துகளும் நிறைய வேண்டும், எழுத்தும் பெரிதாக வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் தேடியதே இரு கட்சியின் பிழை. திரை பிறந்த எண்ணில் கைவைக்காதீர். டெஸ்க்டொப்பில் வலது கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், ‘ரெக்கமண்டட்’ என்று போட்டிருக்கும் அளவு. அதற்கு மேலே ஸ்கேல் என்ற இடத்தில் 125, வெள்ளெழுத்துக்காரருக்கு 150. புதிதாக வாங்குகிறவர் 1366ஐக் கடையிலேயே விட்டுவிட்டு 1920 கேளுங்கள். கலியாணக் காட்டை மட்டும், எந்தத் திரையானாலும், ஒன்று பிரிண்ட் எடுத்து வாசித்த பிறகே முந்நூறு அடிக்கச் சொல்லுங்கள்.