அண்டத்தின் காதலர்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் இரண்டாவது முதல்வருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித். 1825இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். தங்கம் தேடி ஓடிய கூட்டத்தோடு கலிபோர்னியா போய், தோண்டியவர்களைப் போட்டோ எடுத்துப் பிழைத்தார். ஸ்மித் என்ற பெயர் சப்பென்று இருந்ததோ என்னவோ, 1854இல் அங்கே சட்டமன்றத்துக்கு மனுப் போட்டு 'ஆமோர் டி காஸ்மோஸ்' ஆனார். அண்டத்தின் காதலராம்! உறுப்பினர்கள் கேலி செய்து தீர்த்துவிட்டுத்தான் மசோதாவை நிறைவேற்றினார்கள்.

1858இல் வான்கூவர் தீவிலுள்ள விக்டோரியாவுக்கு வந்து 'பிரிட்டிஷ் கொலனிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். அண்டத்தையே காதலித்தவருக்கு கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸை மட்டும் ஆகவில்லை. இதழுக்கு இதழ் அர்ச்சனை. கடுப்பான டக்ளஸ் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி, பத்திரிகை நடத்த 800 பவுண்ட் ஜாமீன் கட்டு என்றார். ஊரே கூட்டம் போட்டுத் தொகைக்கு ஏற்பாடு செய்தது. அரசாங்கத்துக்கு எதிராகக் கூடுவதில் உள்ள ருசி விக்டோரியாவின் நாக்கில் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

1860 தேர்தலில் பெயரே காலை வாரியது. ஓட்டை வாயால் சொல்லிப் போடும் காலம். வேட்பாளரின் முழுப்பெயரோ 'ஆமோர் டி காஸ்மோஸ் என்று அறியப்படும் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித்'. யாரோ ஒருவர் மூச்சு வாங்கிப் பாதியைச் சொன்னதால் ஒரே ஓட்டில் தோற்றார் என்பார்கள்.

1863இல் ஒருவழியாக வான்கூவர் தீவின் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1866இல் பிடிக்காத மசோதா ஒன்றை மறிக்க, சகா லெனார்ட் மெக்லூர் 16 மணி நேரம் பேசினார். அவர் ஓய்ந்ததும் நம்மவர் எழுந்து 7 மணி நேரம். அன்று சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிலை வைத்திருக்கலாம்.

1871இல், வான்கூவர் தீவையும் உள்ளடக்கிய பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு இணைந்தது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் இவர் முன்வரிசை. ரயில் பாதை போட்டுத் தருவதாகக் கனடா சத்தியம் செய்திருந்தது. 1872 டிசம்பரில் முதல்வரானார், ஒட்டாவாவில் எம்.பி.யாகவும் இருந்தார். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு கண்டமே கிடந்தது.

1874 பிப்ரவரியில், எஸ்குவிமால்ட்டில் கப்பல் பழுதுபார்க்கும் துறை கட்டப் பணம் வேண்டி, இணைப்பு ஒப்பந்தத்தில் கைவைக்கத் துணிந்தார். ரயில் கைநழுவிவிடும் என்று ஊர் கொதித்தது. கூட்டம் போட்டது, அதே சூட்டோடு ஊர்வலமாகப் போய், 'பறவைக் கூண்டுகள்' என்று அழைக்கப்பட்ட சட்டமன்றத்துக்குள் புகுந்தது. சபை கலைந்தது. சில நாட்களில் முதல்வர் ராஜினாமா. ஆள்பவனைக் கேள்வி கேள் என்று எழுதியவர், ஊர் அதைப் படித்தும் தொலைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒட்டாவா நாற்காலியை மட்டும் 1882 வரை விடவில்லை. அங்கே எந்தக் கவலையும் இல்லாமல் பேசினார். விக்டோரியாக்காரர்கள் ஊர்வலமாக வந்து சேர்வதற்கு ரயில் இன்னும் வரவில்லையே!