தொண்ணூறு நாள் தந்தை

பிள்ளையைக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலோ கோரிமேட்டில் ஜிப்மரிலோ சேர்க்க வரும் பெற்றோருக்கு முதல் பாடம் பொருளாதாரம். சனிக்கிழமை வந்தால் சென்னை, பெங்களூர் கூட்டம் முந்திக்கொள்ளும். செவ்வாயன்று கெஞ்சிக் கொடுத்த அறை, வார இறுதியில் "கடல் பார்த்த அறை" ஆகிவிடும். கடலைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரம விருந்தினர் இல்லங்கள் மலிவு. ஆனால் இரவு கதவடைக்கும் நேரம் பிள்ளையின் விடுதியைவிடக் கறார்.

ஆகவே பட்ஜெட் அப்பாக்கள் ஊருக்கு வெளியே நகர்கிறார்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர் மரக்காணம் உப்பளம் வரை, திண்டிவனம் சாலையில் போனவர் கிளியனூர் வரை. "காலேஜ் பக்கந்தான்" என்று தரகர் சொல்லும் பக்கம், இரண்டாவது பஸ்ஸில் தொடங்குகிறது.

வரியிலும் வேடிக்கை உண்டு. 2022 ஜூலை வரை நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழான அறைக்கு ஜிஎஸ்டி இல்லை; பிறகு 12 சதவீதம், 2025 செப்டம்பரில் 5 ஆனது. 2024 ஜூனில் 53வது ஜிஎஸ்டி கவுன்சில் விடுதிகளுக்குச் சலுகை பரிந்துரைத்தது: மாதம் 20,000 ரூபாய் வரை வரியில்லை, தொடர்ந்து 90 நாள் தங்கினால்!

விடுதிப் பிள்ளைக்கு அது சரி. ஓரிரவு தங்கும் அப்பாவுக்கு, வரி மிச்சம் வேண்டுமானால் இன்னும் 89 இரவு பாக்கி.