பைதன் புணரியல்: ஒரு சிற்றுரை

மூலக்கூற்று சிமுலேஷன் செய்வோர், அவர் கனடாவின் பிக்கரிங்கில் இருந்தாலென்ன பிராம்ப்டனில் இருந்தாலென்ன, ஒன்றை மட்டும் மறுக்க மாட்டார்: மூலக்கூறு ஒழுங்காக ஆடுகிறது, ஸ்கிரிப்ட்தான் ஓட மறுக்கிறது. ‘எல்லாத்தையும் அப்டேட் பண்ணு’ என்பது இதற்கு இலக்கணம் அறியாதார் சொல்லும் பரிகாரம். ஸ்கிரிப்ட்டை நிலைமொழியாகவும் லைப்ரரியை வருமொழியாகவும் கொண்டால், வேர்ஷன் தகராறு முழுவதும் நன்னூலார் வகுத்த தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்று விகாரங்களுள் அடங்கிவிடும். பழைய ஸ்கிரிப்ட்டை அதன் காலத்து லைப்ரரிகளோடு வைத்தே ஓட்ட வேண்டும் என்பதும் அதிலிருந்தே பெறப்படும்.

தோன்றலாவது, ஒன்றை இன்ஸ்டால் செய்தால் கேளாத பல கூட வருவது. திரிதலுக்கு ஓப்பன்எம்எம் சான்று: 2021இல் வந்த 7.6 வேர்ஷனில் ‘சிம்டிகே.ஓப்பன்எம்எம்’ என்ற பெயர் வெறும் ‘ஓப்பன்எம்எம்’ ஆயிற்று. முன்னொட்டு உதிர்ந்ததால் இது கெடுதலே என்பாரும் உளர். அவர்கள் கருத்தரங்குக்கு வரட்டும். உண்மையான கெடுதல் நம்பை என்ற லைப்ரரியில் நிகழ்ந்தது. ‘என்பி.ஃபுளோட்’ என்ற வழக்கு 1.20இல் கண்டிக்கப்பட்டு, 2022 டிசம்பரில் வந்த 1.24இல் அடியோடு நீக்கப்பட்டது. அது பைதனின் சாதாரண ‘ஃபுளோட்’டுக்கு மறுபெயர்தான். எனவே முன்னாலுள்ள ‘என்பி.’யும் கெட்டால் ஸ்கிரிப்ட் பிழைக்கும். நோயும் கெடுதல், மருந்தும் கெடுதல் என்மனார் புலவர்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். நம்பை 2.0 வெளிவந்த 2024 ஜூனுக்குப் பின் பலர் திரையில் ஓர் எரர் வந்தது: ‘டிடைப்’பின் அளவு மாறிவிட்டது, 96 எதிர்பார்த்தோம், 88 கிடைத்தது. பழைய நம்பைக்காகத் தொகுக்கப்பட்ட லைப்ரரி புதிய நம்பையோடு ஓட முயல்கிறது என்பதே இதன் பொருள் என்று பொறியியலார் அமைவர். ஆனால் குறைந்த அந்த எட்டு எங்கே போயிற்று? வேற்றுமை எட்டு, மெய்ப்பாடு எட்டு, தொகைநூல் எட்டு. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் கட்டிய உலைகளும் எட்டு. அவற்றுள் முதலாவது 1971இல் ஓடத் தொடங்கி, 1997இல் நிறுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் எழுந்து, 2024இல் ஓய்ந்தது. தூங்கிய காலமும் எட்டு ஆண்டு. 88ஐ எட்டால் வகுத்தால் பதினொன்று வருவதன் உட்பொருளைத் தனி நூலில் காண்க. எட்டையும் கடல் கொண்டது என்று நிறுவ ஒரு சாரார் இப்போதே புறப்பட்டிருப்பர். காலம் கேட்டால் ஆளுக்கோர் ஆயிரமாண்டு முன்னே தள்ளுவதும் அவர்கள் மரபே.

அனைத்தையும் புதிதாக்கினால் தீராதா எனின், தீராது. ஒரு லைப்ரரி நம்பை 2ஐக் கேட்கும், மற்றொன்று அதற்குக் கீழே நில் என்னும். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கும் விடையே சில வேளை இருக்காது. கனடாவின் டிஜிட்டல் ரிசர்ச் அலையன்ஸ்கூடத் தன் கிளஸ்டர்களில் கொண்டா என்ற பேக்கேஜ் மேலாளரைத் தவிர்த்து, தனி வேர்ச்சுவல் என்விரான்மெண்ட் அமைக்கவே சொல்கிறது. ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்றாக அமைத்து, ‘பிப் ஃபிரீஸ்’ தரும் வேர்ஷன் பட்டியலை உடன் வைப்பதே பதிப்பாசிரியர் மூலபாடத்தோடு பாடபேதம் காட்டும் முறை. சிமுலேஷனின் பாதையே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்போது வேர்ஷனில் என்ன இருக்கிறது என்பது நுட்பமான தடை. பாதை மாறும், சராசரிகள் புள்ளியியல் பிழைக்குள் ஒத்துவர வேண்டும். ஒத்துவராதபோது குற்றம் இயற்பியலிலா லைப்ரரியிலா என்று பிரிக்கவாவது பழைய ஸ்கிரிப்ட் ஓட வேண்டுமே.

கற்றோர் இதை ஏற்பார்களா என்பதுதான் ஐயம். ‘எமது சொந்த பைதன் ஸ்கிரிப்ட்களால் ஆய்ந்தோம்’ என்று ஒரு வரி எழுதி, வேர்ஷன் எண்ணை விழுங்கிவிட்டு மேற்கோள் எண்ணிக்கைக்குக் காத்திருப்போர் சொன்னவர் யாரெனக் கூறாது ‘என்ப’ என்று முடித்த மரபின் நேர் வாரிசுகள். அவர்கள் ஸ்கிரிப்ட்டைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், எழுதிய மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டார் என்று பதில் வரும்.