ஸ்பேனர் நானா

தில்லையடியில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் ஒரு முற்றத்தில் கார் ஒன்று ஜக்கில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் இரண்டு கால்கள். பக்கத்தில் சிரட்டை நிறைய நட்டும் போல்ட்டும். போன் வெளிச்சம் பிடித்துக் கை உளைந்துபோன மகன் ஒருவன். அந்தக் கால்களுக்குரியவர் ஸ்பேனர் நானா.

நானாவுக்குத் தொழில் வேறு. கடை வைத்திருப்பார், அல்லது பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார். எதுவானாலும் கராஜ் பாஸ்மாரை மட்டும் நம்பமாட்டார். "அவனுகள் ஒண்டப் பூட்டி ரெண்டக் கழட்டுவானுகள், தம்பி" என்பார். போன பெருநாளைக்கு அவர் பூட்டியதைக் கழட்ட இரண்டு பாஸ்மார் வந்த கதையை நாம்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

கார், 25 வருஷம் தாண்டிய ஜப்பான்காரன். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் கிழட்டுக் கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. வரி எவ்வளவு என்று கேட்ட நானா அந்தக் கதவைத் தானே சாத்திவிட்டு, பழைய காருக்குப் புது மாப்பிள்ளைக் கவனிப்பைத் தொடங்கினார்.

இந்த முறை வருத்தம் பவர் ஸ்டியரிங் ஹோஸில். களப்போரத்து உப்புக்காற்று இரும்புக் குழாயைத் தின்னும், இஞ்சின் சூடு ரப்பரை வெடிக்க வைக்கும். இரண்டும் சேருமிடத்தில் ஒயில் கசியும். மணலில் விழுந்த சிவப்புப் பொட்டை முதலில் கண்டது ராத்தா.

"ஆர் இந்த முத்தத்துல வெத்தில துப்பினது?"

நானா விரலால் தொட்டார், மோந்தார். முகம் மலர்ந்தது. மூன்று நாளைக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதல்நாள் காஸ் அடுப்புக் குழாயை வெட்டி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். பம்பிலிருந்து போகிற ஹோஸ் அதற்கெல்லாம் மசியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்தால் அதற்குள் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும். கிளிப் பூட்டுகிற ஹோஸ் ஸ்டியரிங் ரேக்கிலிருந்து திரும்பி வருகிறது. அதில் அவ்வளவு அழுத்தமில்லை. நானா ஒடித்தார். குழாய் பிய்ந்து, பொனற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சானின் சாரன் சிவந்தது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள். மரத்தின் பேரை வைத்திருக்கிற ஊரில் கண்ணைத் தப்பவிட்டு சாரனோடு போனது மச்சானின் நல்ல காலம்.

இரண்டாம் நாள் கொழும்புக்கு பஸ். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி, மருதானையில் பகல் சோறு தின்று, ஹோஸோடு இரவு வந்து சேர்ந்தார். கராஜ் கூலியை மிச்சம் பிடித்த கணக்கில் இந்தச் செலவுகள் வராது.

மூன்றாம் நாள்தான் சத்திரசிகிச்சை. துரு ஏறிய நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, வாய் அகன்ற ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையானது. கைமுட்டித் தோல் உரிந்தது. கடைசியில் பைப் ரெஞ்சுக்குத்தான் அது இரங்கியது.

"ஒரு குழாய்க்கு மூணு நாளா?" என்றார் ராத்தா.

இதற்கென்றே நானா சரித்திரம் படித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற இஞ்சினியர் பவர் ஸ்டியரிங்கைக் காரில் பூட்டி ஓடிக் காட்டியது 1926இல். கிரைஸ்லர் கம்பனி அதைப் பூட்டிக் கார் விற்றது 1951இல்.

"அவனுகளுக்கு 25 வருஷம் போனது. நான் மூணு நாள்."

புது ஹோஸைப் பூட்டப் புதுச் செம்பு வொஷர் இரண்டு வேண்டும். பஞ்சிகாவத்தையில் எல்லாம் வாங்கியவர் அதை மறந்துவிட்டார். கட்டிலுக்கடியிலிருந்து மூன்று பால்மா டின்கள் வெளியே வந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து ஓலைக் கொட்டிலில் குடியிருந்த ஆக்கள் இந்த ஊரில் நிறைய. நானாவின் வாப்பாவும் அப்படி வந்தவர்தான். ரோட்டில் கிடந்த ஆணியையும் குனிந்து எடுப்பார். அவர் சேர்த்த டின்களில் சைக்கிள் பெடல் முதல் சிங்கர் மெஷின் ஊசி வரை இருந்தது. செம்பு வொஷர் இல்லை. நானா பழையதையே அரத்தாளில் தேய்த்து, ஊதி, போட்டுப் பூட்டினார்.

இனிக் காற்றெடுக்க வேண்டும். முன் சில்லு இரண்டும் அந்தரத்தில், இஞ்சின் நிற்கிறது. ஸ்டியரிங்கில் ராத்தா. ஒயில் டப்பாவுக்கு மேல் நானாவின் முகம்.

"இடப்பக்கம்! முழுக்க! இப்ப வலம்! மெல்ல, மெல்ல!"

குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தது. அடுப்பில் சோறு.

"காத்துப் போயிட்டா?"

"உங்கட வாயால போறதத் தவிர மத்ததெல்லாம் போயிட்டு."

பாலாவி வரை ஓடிவிட்டு வந்தார். ஒற்றை விரலால் வளைத்துக் காட்டினார். எங்களுக்கெல்லாம் பிளேன்டீ வந்தது. கராஜ்காரர்களைப் பற்றிய பேச்சு உச்சத்தில் இருக்கும்போது மகன் காருக்கடியில் குனிந்தான்.

"வாப்பா, ஈரமாக் கிடக்குது."

நானா கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. "அது ஏசித் தண்ணி மகன்."

"ஏசி பழுதாகி நாலு வருஷம், வாப்பா."