சுற்றும் வட்டத்தின் இலக்கணம்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவர் வாழ்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில் இணையதளம் கிடையாது. ஆனாலும் காஞ்சிபுரத்து நடுத்தரப் பட்டுக்கடை ஒன்றின் முகப்புப் பக்கத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் அந்தப் பட்டியலைப் போட்டாரோ என்று ஐயுற இடமிருக்கிறது. கைப்பேசியில் முகவரியைத் தட்டினால் வெள்ளைத் திரை, நடுவே சுற்றும் வட்டம். ‘லோட் ஆக மாட்டேங்குது’ என்பார் வாடிக்கையாளர். ‘சர்வர் ஸ்லோ’ என்பார் முதலாளி. ‘உங்க நெட்டு ஸ்லோ’ என்பார் தளம் போட்டுக் கொடுத்த தம்பி. முதலாவது வெறும் புலம்பல் என்பதால் அதை விடுத்து, மற்ற இரு மதங்களையும் மறுத்து, மூன்றாவது ஒன்றை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். சிறுகடையின் தளம் தாமதிப்பது தொழில்நுட்பக் கோளாறு அன்று, குடும்ப விவகாரம். பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க யாராவது ஒருவர் ஆசைப்பட்டால் போதும். எடுப்பதற்கோ எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஆகவே அது பருக்குமே தவிர இளைக்காது.

முதற்சான்று, பவணந்தியின் பட்டியலில் உள்ள மிகைபடக் கூறல். கடைவாசலில் கேமராவால் எடுத்த புகைப்படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் என்று கொள்வோம், மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள், சுமார் 4 மெகாபைட். அதைக் காட்டப்போகும் கைப்பேசியின் திரை அகலமோ பெரும்பாலும் 1080 புள்ளிதான். அந்த அகலத்துக்குச் சுருக்கினால் 8.75 லட்சம் புள்ளிகளே தேவை. மிச்சம் அத்தனையும் சர்வரிலிருந்து புறப்பட்டு, வாடிக்கையாளரின் டேட்டாவைத் தின்று, யார் கண்ணிலும் படாமல் வீசப்படுகின்றன. முகப்பில் படங்கள் மாறிமாறி ஓடும் ஸ்லைடரில் இப்படி ஐந்து படம்: 20 மெகாபைட். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அது வந்து சேர 16 விநாடி ஆகும். ‘ஜரிகையின் இழை தெரிய வேண்டாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பட்டுப் புடவைக்குப் படம்தானே கடை. ஆனால் 1080 புள்ளித் திரையில் 1081-ஆவது புள்ளியைக் காட்ட எந்த ஜரிகையாலும் முடியாது. இழையைப் பார்க்க விரும்புகிறவர் படத்தைத் தொட்டால் பெரிய படம் வரும்படி வைக்கலாம். பார்க்க வந்த எல்லார் தலையிலும் அதைக் கட்டத் தேவையில்லை. கூகுள் 2010-இல் வெளியிட்ட வெப்பி வடிவத்தில் சேமித்தால் இன்னும் இளைக்கும்.

மற்ற குற்றங்களுக்கும் பஞ்சமில்லை. ஜேகுவெரி என்ற நிரல்தொகுப்பை, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் ஒருமுறையும் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின் ஒருமுறையும் இறக்குவது கூறியது கூறல். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்த யூடியூப் காணொளியை முகப்பில் பதித்து, யாரும் அதை ஓட்டுவதற்கு முன்பே அரை மெகாபைட்டுக்கு மேல் நிரலை இறக்க வைப்பது மற்றொன்று விரித்தல். தமிழ் எழுத்துருவை ஆறு கனங்களில் முன்கூட்டியே இறக்க வைத்துவிட்டு இரண்டை மட்டும் பயன்படுத்துவதும், 2019 பொங்கலுக்குப் போட்ட பறக்கும் கரும்பு அனிமேஷன் பெயரளவில் அணைக்கப்பட்டு உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதும் நின்று பயனின்மை. இவ்வளவுக்கும் நடுவே குன்றக் கூறலும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்பதை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம்.

‘அற்றேல், ஹோஸ்டிங் மலிவாக இருப்பதே காரணம் எனின்?’ இம்மதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனெனில் சில வேளை அது உண்மை. பல தளங்கள் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் கூட்டம் சேர்த்தால் நம் வீட்டிலும் மூச்சு முட்டும். சர்வர் 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்தால், கண்ணாடி இழைக்குள் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கே போய்வர 140 மில்லிவிநாடி பிடிக்கும். இணைப்பு உறுதியாவதற்குள் அந்தப் பயணம் சில தடவை நடக்கவும் வேண்டும். இந்தியச் சர்வருக்கு மாறுவது நல்லதே. ஆனால் அளந்துவிட்டு மாறுங்கள். குரோமின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்தால், முதல் பைட் வர எவ்வளவு நேரமானது என்று தெரியும். அது 0.8 விநாடிக்குள் இருந்தால் கூகுள் அதை நன்று என்கிறது. முதல் பைட் 0.5 விநாடியில் வந்து பக்கம் முடிய 16 விநாடி ஆகிறதென்றால், சர்வர் மீது சுமத்தத்தக்க பழி அரை விநாடிதான். வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் உலாவியின் பக்கமே கழிகிறது என்று யாகூவில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ் 2007-இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் நம்மவர்கள் வருடத்துக்கு ஒரு ஹோஸ்டிங் மாற்றுகிறார்கள். அதே 20 மெகாபைட்டைப் பத்திரமாகப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். ஹோஸ்டிங்காரர் நம் உறவினர் அல்லர். அவரைக் குறை சொன்னால் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

‘கேஷ் பிளகின் போட்டால் தீர்ந்தது’ என்பாரும் உளர். வேர்ட்பிரஸ் தளம் ஒவ்வொருவர் வரும்போதும் பிஎச்பி நிரலை ஓட்டி, தரவுத்தளத்தைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிறது. கேஷ் பிளகின் சமைத்ததை எடுத்து வைத்துப் பரிமாறும். முதல் பைட் சீக்கிரம் வரும், படம் இளைக்காது. இரண்டு கேஷ் பிளகின் போட்டால் ஒன்று வைத்ததை மற்றது கலைத்து, மாறுகொளக் கூறலில் முடியும். எல்லாப் படங்களையும் பிறகு வரட்டும் என்று தள்ளிப்போடும் பிளகின், முகப்பில் முதலில் தெரிய வேண்டிய பேனரையும் சேர்த்துத் தள்ளிவைத்து, வந்த நோயைப் பெரிதாக்குவதும் உண்டு. ‘எங்க கம்ப்யூட்டர்ல டக்குன்னு திறக்குதே’ என்பது கடைசி எதிர்வாதம். திறக்கத்தான் செய்யும். தினமும் பார்க்கும் கணினி எல்லாப் படங்களையும் சேமித்து வைத்திருக்கிறது. போதாததற்குக் கடையில் ஃபைபர் இணைப்பு. ஆகவே உலகிலேயே இந்தத் தாமதத்தைப் பார்க்கும் வாய்ப்பில்லாத ஒரே மனிதர் இதற்குப் பணம் கட்டுகிற முதலாளிதான். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், முன்பு சேமித்த படங்களை எடுத்துக்கொள்ளாத இன்காக்னிட்டோவில் அவரைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புவோர்க்கு ஒரு கணக்கு: திறக்க 3 விநாடிக்கு மேலானால் கைப்பேசி வருகைகளில் 53 சதவீதம் பாதியிலேயே போய்விடுகின்றன என்று கூகுள் 2016-இல் வெளியிட்டது. பக்கத்தின் முதன்மைப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதே நிறுவனம் இன்று வைத்திருக்கும் அளவு.

இனி மூலக்காரணம். முகப்புப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை. முதல் பேனர் நிறுவனரான தாத்தா, இரண்டாவது புதுக்கிளை, மூன்றாவது மைத்துனர் நடத்தும் ரெடிமேட் பிரிவு, நான்காவது ஆடித் தள்ளுபடி, மாதம் மார்கழியானாலும். எதை எடுத்தாலும் ஒரு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். தளம் போட்டுக் கொடுத்த தம்பிக்கு இது தெரியும். அதனால்தான் அவர் நெட்டைக் குறை சொல்லிவிட்டு நகர்கிறார். கணினி வேகமாவதைக் காட்டிலும் வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்று கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-இல் எழுதினார். அவர் சுவிட்சர்லாந்துக்காரர். மைத்துனர் என்ற காரணியை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இவ்வாய்வின் பணிவான கருத்து.

எனவே பரிந்துரை தொழில்நுட்பம் பற்றியது அன்று. பேக்கப் எடுத்துக்கொண்டு, ஸ்லைடரில் இரண்டாவது முதல் ஐந்தாவது வரை உள்ள படங்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். எஞ்சியதை 1080 புள்ளிக்குச் சுருக்குங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரு மாதம் கழித்து யார் கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.