புல்லட் பதிப்பியல்: ஒரு செருப்புத் துண்டை முன்வைத்து

ஆய்வுப்பொருள் ஒரு ரப்பர்த் துண்டு. நீளம் மூன்று அங்குலம், அகலம் ஒன்றரை. பிறந்தபோது நீல நிறம். கண்டெடுத்தபோது எண்ணெய் குடித்துக் கத்திரிக்காய் நிறம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு, ஓரத்தில் வார் மாட்டும் ஓட்டையில் பாதி. 1974-இல் பதிவான என்ஃபீல்ட் புல்லட் ஒன்றின் பெட்ரோல் டேங்க்குக்கும் அதைத் தாங்கும் பிரேமுக்கும் நடுவில் இது திணிக்கப்பட்டிருந்தது. இது மூலபாடமா, இடைச்செருகலா? இடைச்செருகல் எனில் களைவதா, அடைப்புக்குறிக்குள் காப்பதா? இந்த இரண்டு வினாக்களுக்கு விடை தேடியதில் எனக்குப் பதினான்கு மாதங்களும், வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லாத ஒரு தொகையும் செலவாயின.

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் கலையை இயந்திரவியலில் சேர்ப்பது வழக்கம். வகைப்பாட்டுப் பிழை அது. அதற்குரிய துறை பதிப்பியல். செல்லரித்த ஏட்டுக்கட்டு பரணிலிருந்து இறங்குகிறது. துருவரித்த வண்டி காயலான் கடையிலிருந்து வருகிறது. இரண்டிலும் முதலும் கடைசியும் காணாமல் போயிருக்கும். இரண்டையும் இடையில் பல கைகள் தொட்டிருக்கும். தொட்ட ஒவ்வொருவரும் தமக்குப் புரியாத இடத்தைத் தமக்குப் புரிந்தபடி திருத்தியிருப்பார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் ஏடு தேடி அலைந்த அலைச்சலைப் படித்தவர்களுக்கு, நான் உதிரிபாகம் தேடிப் புதுப்பேட்டையில் அலைந்ததை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று வாயால் சொல்ல நா கூசுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சுவடி கிடைத்த வரலாறு. சென்னைக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் ஒரு காயலான் கடை. வாஷிங் மெஷின் கூடுகளுக்கும் ஒரு பள்ளிப் பேருந்தின் முன்பாதிக்கும் இடையிலிருந்து ஹேண்டில்பார் மட்டும் தலைநீட்டிக்கொண்டிருந்தது. “இரும்பு வெலைக்கே எடுத்துக்குங்க சார், என்ஜின் மட்டும் அலுமினியம், அது தனி ரேட்டு” என்றார் கடைக்காரர். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, “ஆன்டிக் ஐட்டம் சார் அது” என்று உடனே திருத்திக்கொண்டார். இரும்பு அலுமினியமாகி, அலுமினியம் ஆன்டிக் ஆவதற்கு ஒரு டீ ஆறும் நேரம்தான் ஆயிற்று. ரசவாதிகள் தேடிய மூலிகை வாங்க வந்தவன் முகத்திலேயே முளைக்கிறது போலும்.

ஆர்.சி. புத்தகம் இருந்தது. இச்சுவடிக்கு அதுவே சிறப்புப் பாயிரம். ஆக்கியோன் பெயர், நூற்பெயர், காலம், களம் எல்லாம் அதில் அடக்கம். பாயிரம் இல்லாத நூலைக்கூடப் படித்துவிடலாம், ஆர்.சி. இல்லாத வண்டியை ஓட்டினால் படிக்க வேண்டியது குற்றப்பத்திரிகையாக இருக்கும். என்ஜின் எண் ஒத்துப்போயிற்று. சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் 3-ஆ, 8-ஆ என்று துரு முடிவு செய்யவிடவில்லை. உப்புத்தாள், மண்ணெண்ணெய், பூதக்கண்ணாடி சகிதம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து 3 என்று துணிந்தேன். புள்ளியிடாத ஓலை எழுத்தை மெய்யா உயிர்மெய்யா என்று தடவிப் பார்த்தவர்களுக்கு என் வலி தெரியும்.

மூலம் இந்த மண்ணில் எழுதப்பட்டதன்று. ஊசி செய்வதற்குப் பெயர்போன ரெட்டிச் என்ற ஆங்கிலேய ஊரில் பிறந்தது. இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைக் கேட்டு வாங்கியதை அடுத்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூடி என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். போகப் போக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் மூலக் கம்பெனியும் அடங்கியது. திருவொற்றியூர்ப் பாடம் மட்டும் பிழைத்துக் கிடந்து, 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. எழுதிய ஊரில் அழிந்த நூல் எங்கோ ஒரு மடத்து அலமாரியில் உயிர் தப்புவது நமக்குப் புதிதல்ல. இங்கே மடம் இருந்த இடம் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் பக்கம், அவ்வளவுதான்.

இனி இடைச்செருகல்கள். இவ்வியலே இந்த ஆய்வின் உயிர்நாடி என்பதால் விரித்துரைப்பேன்.

டேங்க்கின் மேல் ஐந்து அடுக்குப் பெயிண்ட் இருந்தது. மேலிருந்து சுரண்டினால் சிவப்பு, வெள்ளி, மறுபடி சிவப்பு, பிறகு ஒரு பச்சை. பச்சையைக் கண்டதும் வண்டி எல்லையில் போர் புரிந்தது என்று முடிவுகட்டி இரண்டு நாள் மார்தட்டித் திரிந்தேன். மூன்றாம் நாள் எங்கள் தெரு ரேஷன் கடைக் கதவில் அதே பச்சையைக் கண்டபின் அந்தக் கருதுகோளைச் சத்தமில்லாமல் கைவிட்டேன். ஐந்தாவது அடுக்கு கறுப்பு, அதுவே மூலம். டேங்க்கின் அடியில் ஒரு பொத்தல், அதை அடைத்திருந்தது சலவை சோப்பு. சோப்பைப் பெட்ரோல் கரைக்காது என்பதை அறிந்த ஏதோ ஓர் அநாமதேய அறிஞரின் கைவண்ணம். பிரேக் மிதியை மேலே இழுக்கும் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ட்யூப்.

டைமிங் கவரைக் கழற்றியபோது கிடைத்ததுதான் காலக்கணிப்புக்குப் பெரும் சான்று. கவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் பேக்கிங் வைப்பார்கள்; கடையில் கிடைக்காவிட்டால் காலண்டர் அட்டையை வெட்டி வைப்பது நம் மெக்கானிக் மரபு. இங்கே வெட்டி வைத்திருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. எண்ணெயில் ஊறிய அட்டையில் மணமக்கள் பெயர் போய்விட்டது. ‘ருத்ரோத்காரி’ என்ற வருடப் பெயர் மட்டும் தெளிவாக நின்றது. தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வருவதால், அந்தக் கல்யாணம் 1923-இலோ 1983-இலோ 2043-இலோ நடந்திருக்க வேண்டும். வண்டி 1974-ஐச் சேர்ந்தது என்பதால் முதலாவதையும், நான் இன்னும் உயிரோடிருப்பதால் மூன்றாவதையும் தள்ளினேன். ஆக, 1983-க்குப் பிறகு ஒரு கை இந்த என்ஜினைத் திறந்து மூடியிருக்கிறது. தம்பதியர் எங்கிருந்தாலும் வாழ்க. அவர்கள் பத்திரிகை ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவிடவில்லை.

வயரிங்கைப் பற்றி ஒரே வார்த்தை: நச்சினார்க்கினியம். எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு கூட்டிப் பொருள் காண்பதில் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மன்னர். இந்த வண்டியைத் தொட்ட எலக்ட்ரீஷியன் அவருடைய மாணாக்கர் பரம்பரை என்பதில் ஐயமில்லை. ஹாரனுக்கு வேண்டிய கரண்டைப் பின்விளக்கிலிருந்து கொண்டுவந்திருந்தார். பிரேக் பிடித்தால் ஹாரன் கம்மியது. அவர் காலத்தில் அதற்கும் ஒரு பொருள் இருந்திருக்கலாம்.

அடுத்து இலக்கணம், அதாவது மரை. பழைய புல்லட்டின் போல்ட்டுகளில் பெரும்பகுதி ஆங்கிலேய மரை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்தளித்த முறையில் மரையின் கோணம் 55 பாகை. நாம் இன்று புழங்கும் மெட்ரிக் மரைக்கு 60. இந்த ஐந்து பாகையை மதிக்காமல் ஒரு மெட்ரிக் போல்ட்டை விட்வொர்த் துளையில் முடுக்கினால் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், மூன்றாவது சுற்றில் இறுகும், நான்காவதில் இரண்டு மரையும் ஒருசேர அழியும். தளை தட்டினால் ஓசைதான் கெடும்; இங்கே அலுமினியமே கெடும். ஸ்பேனரும் அப்படியே. நம் 12-ஆம் நம்பர் ஸ்பேனர் போல்ட் தலையின் அகலம் 12 மில்லிமீட்டர் என்று நேர்மையாகச் சொல்லும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பதோ தலையின் அளவன்று, போல்ட் உடம்பின் விட்டம். கால் அங்குலம் என்று எழுதியிருக்கும், வாய் அதைப்போல இரண்டு மடங்குக்குமேல் பிளந்திருக்கும். ஆகுபெயர் படித்தவன் தப்பித்தான். முன்னவர்கள் படிக்காததால் என் வண்டியில் பாதி போல்ட்டுகளின் தலை உருண்டிருந்தது. ‘மரை கழன்றவன்’ என்ற வசவு எப்படிப்பட்ட இடத்தில் பிறந்திருக்கும் என்பதும் அந்த மாதம் விளங்கிற்று. அப்போது வீட்டில் அதை அடிக்கடி கேட்டேன்.

பிஸ்டன் சிலிண்டருக்குள் ஜாமாகி நின்றிருந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர், அலுமினியப் பிஸ்டன், நடுவில் பல ஆண்டு மழைநீர். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து பிளக் துளை வழியே ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தபின், மரக்கட்டை வைத்துத் தட்ட அசைந்தது. பிஸ்டன் தலையில் ‘40’ என்ற முத்திரை. சிலிண்டர் தேயத் தேய அதைக் கடைந்து அகலமாக்கி, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, முப்பது, நாற்பது என்று பெரிய பிஸ்டனாகப் போட்டுக்கொண்டே போவது முறை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சுமாக 346 சிசி என்று தொடங்கிய நூல் ‘திருத்திய, விரிவாக்கிய’ பதிப்புகள் கண்டிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? விரிவாக்கிய பதிப்பு என்பது இங்கே மட்டும்தான் நேர்ப்பொருளில் உண்மை.

காணாமற்போன பாகங்களுக்குப் புதுப்பேட்டை. கூவக்கரையோரம் பழைய உதிரிபாகங்களே தெருவாக விரிந்திருக்கும் அந்தப் பேட்டையில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு நான் அறிந்த அளவில் நான்கு பொருள் உண்டு. வெறும் ‘ஒரிஜினல்’ என்றால் போலி. ‘கம்பெனி ஒரிஜினல்’ என்றால் நல்ல போலி. ‘பழைய ஒரிஜினல்’ என்றால் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து, விலையை மெதுவாகச் சொன்னால் மட்டுமே அது மூலபாடம்.

எனக்குக் கிடைக்காதிருந்தது நியூட்ரல் ஃபைண்டர். புல்லட்டின் கியர்பாக்ஸில் குதிகாலால் மிதிக்கும் ஒரு குட்டி லீவர். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நான்காவதிலோ இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடும். குறிஞ்சிப்பாட்டில் உதிர்ந்துபோயிருந்த பூக்களின் பெயர்கள் தருமபுரம் மடத்துச் சுவடியில் ஐயருக்குக் கிடைத்தனவாம். எனக்கு ஒரு பாயின் கடையில், பல்லிமுட்டைக்கும் பழைய டைரிக்கும் அடியில் கிடைத்தது. “எத்தன வருஷமா தேடுறீங்க தம்பி?” என்றார். ஆறு மாசம் என்றேன். “இது முப்பது வருஷமா உங்கள தேடிட்டு இருக்கு” என்றார். பேரம் பேசும் தெம்பு அத்தோடு போயிற்று.

இனி செருப்பு. அது எந்தக் காலுக்குரியது என்பது முதல் சிக்கல். வார் ஓட்டையின் கோணத்தையும் குதிகால் பள்ளத்தையும் வைத்து இடதுகால் என்று நிறுவினேன். ஏன் இடது? அந்தக்காலப் புல்லட்டில் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். கிக்கரும் வலது, நியூட்ரல் ஃபைண்டரும் வலது. ஆக உதைப்பது, மிதிப்பது, தூக்குவது எல்லாம் வலதுகால் வேலை. இடதுகால் எப்போதாவது பிரேக்கை அழுத்திவிட்டுச் சும்மா இருக்கும். எனவே வலது செருப்பு முதலில் தேய்ந்து அறுந்திருக்கும். ஜோடி இழந்த இடது செருப்பு நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும். தூக்கிப்போட மனமில்லாத சொந்தக்காரர் அதை வண்டிக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். இந்த முடிவை எட்டிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் மூலபாடம் அன்று என்பது உறுதியாகிவிட்டதே. பாகங்களின் பட்டியல் நூலில் அந்த இடத்துக்குரியது முறையான ரப்பர். செருப்பு பற்றிப் பேச்சே இல்லை. பதிப்பாசிரியனுக்குத் தாட்சண்யம் கூடாது. துண்டை நீக்கி, ஆய்வின் பொருட்டு மண்ணெண்ணெயில் கழுவினேன். அது உப்பி, மறுநாள் காய்ந்து, தொட்டதும் பிய்ந்தது. மாதிரி அழிந்ததை இங்கே நேர்மையுடன் பதிவு செய்கிறேன்.

வண்டியைப் பூட்டி முடித்தோம். டாப்பெட் அளவில் உரையாசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்பது சூத்திரம். கொஞ்சம் டிக்டிக் என்றால்தான் ஆயுசு என்பது எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனின் உரை. சூத்திரத்தின் பக்கம் நின்றேன். பிறகு உதைக்கும் சடங்கு: கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, விட்டுவிட்டு உதைக்க வேண்டும். பதினேழாவது உதையில் பேசிற்று. தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் வந்து, ஒன்றும் சொல்லாமல் ஹெட்லைட்டைத் தடவிவிட்டுப் போனார்.

முதல் ஓட்டத்தில் 45-ஐத் தொட்டதும் டேங்க் பாடத் தொடங்கியது. ஜிங்ங்ங் என்று ஒரு ரீங்காரம். 50-இல் கைக்கு வந்து, 55-இல் பல்லுக்கு ஏறியது. கடையில் வாங்கிய புது ரப்பர் ‘கம்பெனி ஒரிஜினல்’. கல் மாதிரி இருந்தது. போல்ட்டை இறுக்கினேன், தளர்த்தினேன், வாஷரை மாற்றினேன். கடைசியில் அண்ணனிடமே போனேன். அவர் டேங்க்கைத் தூக்கிக் கீழே பார்த்தார்.

“இங்க ஒரு செருப்பு இருந்துச்சே சார்?”

“எடுத்துட்டேன்ணே. அது இடைச்செருகல்.”

“செருகியிருந்ததாலதான் சார் சத்தம் வரல.”

இரண்டாம் பதிப்பில் பிழை திருத்தப்பட்டுவிட்டது. மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதால் இடதுகால் செருப்பே தேர்வு செய்யப்பட்டது. நிறம் மட்டும் பச்சை, இதைப் பாடபேதமாகக் கொள்க. வண்டி 60-இலும் அமைதியாகப் போகிறது. அம்மாதான் ஒரு வாரமாகக் குளியலறை வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்று இன்னொன்று எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏடு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.