தொட்டால் பதில்!

கே: தொட்டாற்சுருங்கி யாரைக் கண்டு வெட்கப்படுகிறது?
– வாசகி, கும்பகோணம்

ப: வெட்கமெல்லாம் நாம் கட்டிவிட்ட கதை. 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் 'மைமோசா பூடிகா'. பூடிகா என்றால் லத்தீனில் நாணமுள்ளவள். வங்காளத்தில் அது லஜ்ஜாவதி. மலாயில் 'செமாலு', அதற்குள்ளும் 'மாலு' என்ற வெட்கம் ஒளிந்திருக்கிறது. தொட்டாற்சுருங்கி, தொட்டால்வாடி என்று கண்ணால் கண்டதை மட்டும் சொன்னது தமிழ். அந்த நல்ல பெயரையும் 'தொட்டாச்சிணுங்கி' என்று மாற்றி, கோபித்துக்கொள்ளும் மைத்துனர்களுக்குச் சூட்டியது நம் கைங்கரியம்.

கே: தசையும் இல்லை, நரம்பும் இல்லை. பிறகு எப்படி அசைகிறது?
– பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி

ப: தண்ணீரால். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். அதன் அடிப்பக்கத்துச் செல்கள் தண்ணீரால் விம்மிக் காம்பைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. தொட்டதும் ஒரு மின்துடிப்பு ஓடும். பொட்டாசியம், குளோரைடு அயனிகள் செல்லைவிட்டு வெளியேற, தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போய்விடும். காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி அடிப்பக்கம் தொய்ந்து, காம்பு தொப்பென்று விழும். சுருங்கச் சில நொடி போதும். பழையபடி விரியப் பத்து இருபது நிமிடமாவது ஆகும். கோபம் வருவதற்கும் சமாதானம் ஆவதற்கும் உள்ள கணக்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

கே: செடியில் மின்சாரமா? ஷாக் அடிக்குமா?
– வாசகர், ஈரோடு

ப: அடிக்காது, ஈபி பில்லும் வராது. இந்தத் துடிப்பை நுட்பமான கருவிகளால் வரைந்து காட்டியவர்களில் முக்கியமானவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தாவில் 1917-இல் அவர் தொடங்கிய ஆய்வு நிலையம் இன்றும் இருக்கிறது. அவருக்கும் முன்பே பிரான்சில் கிளாத் பெர்னார் இந்தச் செடிக்கு ஈதர் கொடுத்துப் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர் நோயாளி போலவே அதுவும் மயங்கி, தொட்டாலும் சும்மா கிடந்தது. ஈதர் விலகியதும் பழைய சிணுங்கல்!

கே: இத்தனை சிரமப்பட்டுச் சுருங்கி அதற்கு என்ன லாபம்?
– இல்லத்தரசி, புதுக்கோட்டை

ப: பந்தியில் இலையை மடித்துவிட்டால் அப்புறம் யாராவது அங்கே கையை நீட்டுவார்களா? அதே தந்திரம்தான். ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இலை அசையாதபடி செய்த செடிகளையும் சாதாரணச் செடிகளையும் வெட்டுக்கிளிகளுக்கு வைத்தார்கள். அசையாதவைதான் அதிகம் கடிபட்டன. அதோடு இலை மடங்கியதும் தண்டு முட்களும் பளிச்சென்று தெரியும். ஆனால் இதற்கு விலையும் உண்டு. மடங்கியிருக்கும் நேரத்தில் வெயில் சரியாகக் கிடைக்காது, சமையல் குறையும்.

கே: அதையும் மீறி ஆடுமாடு மேய்ந்தால்?
– விவசாயி, தேனி

ப: கைவசம் 'மைமோசின்' என்ற நஞ்சு இருக்கிறது. சூபாபுல் தழையில் இருப்பதும் இதுதான். அளவுக்கு மிஞ்சித் தின்னும் கால்நடைக்கு முடி கொட்டும். குதிரை என்றால் பிடரியும் வாலும் காலி.

கே: இரவில் தூங்குமாமே?
– வாசகர், விழுப்புரம்

ப: ஆமாம், அதுவும் டைம்டேபிள் போட்டு. 1729-இல் பிரான்சில் தெ மேரான் என்பவர் இந்த வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் காலையில் விரிந்து மாலையில் மடிந்தது. உயிர்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

கே: 48 நாள் தொடர்ந்து தொட்டு வந்தால் வசிய சக்தி கிடைக்கும் என்கிறார்களே?
– பெயர் வேண்டாம் என்றவர், சேலம்

ப: செடிதான் உங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்! 2014-இல் வெளியான மோனிகா காக்லியானோ குழுவின் ஆய்வைக் கேளுங்கள். தொட்டிச் செடியை 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் விழவைத்தார்கள். முதலில் சுருங்கியது. திரும்பத் திரும்ப விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றதும் சுருங்குவதை நிறுத்திவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அந்தப் பாடம் மறக்கவில்லை. ஆனால் வேறு விதமாகக் குலுக்கியபோது உடனே மடங்கியது. ஆக, அது களைத்துப் போகவில்லை. ஆளை எடை போட்டிருக்கிறது.

கே: என் பாட்டி இதன் இலையை அரைத்துப் புண்ணுக்குப் போடுவார். பலன் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

ப: என் பாட்டியும்தான். முழங்கால் சிராய்ப்பில் அந்தப் பச்சை விழுது பட்டதும் சுரீர் என்று பிடித்து இழுப்பது இன்னும் நினைவிருக்கிறது. அந்த இழுப்புக்குக் காரணம் துவர்ப்புச் சத்தான டானின். இரத்தமூலம், வயிற்றுப்போக்கு, பெரும்பாடு என்று 'நிற்காமல் போகிற' தொல்லைகளுக்கே நாட்டு வைத்தியம் இதை நாடியதும் அந்தத் துவர்ப்பை நம்பித்தான். ஆனால் மூலத்தில் ரத்தம் கண்டால் கொல்லைப்பக்கம் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மைமோசினை மறந்துவிட்டுத் தினமும் சாறு குடிப்பதும் வேண்டாம்.

கே: இவ்வளவு வைத்தியம் இருக்கிறதே, நம் ஊர்ச் செடிதானே?
– ஆசிரியர், மன்னார்குடி

ப: பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகள், மிளகாய் வந்த திசை. வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. வேர்முடிச்சுகளில் பாக்டீரியாவைக் குடிவைத்துத் தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்வதால் தரிசிலும் தழைக்கும். தோட்டத்துக்காரருக்குக் களை, குழந்தைகளுக்கு விளையாட்டு. அசல் உள்ளூர்ச் சிணுங்கியைப் பார்க்க வேண்டுமா? கேரளத்தின் தசபுஷ்பங்களில் ஒன்றான முக்குற்றியைத் தேடுங்கள். குட்டித் தென்னை மாதிரி இருக்கும், தொட்டால் இலை தாழும்.

கே: எதற்கெடுத்தாலும் என் மனைவி என்னைத் 'தொட்டாச்சிணுங்கி' என்கிறார். என்ன பதில் சொல்வது?
– கணவர், மதுரை

ப: வாயைத் திறக்காதீர்கள். எது ஆபத்து, எது சும்மா விளையாட்டு என்று நாலு தடவையில் அந்தச் செடி பிரித்துக்கொள்கிறது. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று அவர் திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.